காரின் அடிப்பாகத்தை வீட்டிலேயே கழுவுவது, துருப்பிடிக்காமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பவர்கள்கூடக் குனிந்து காரின் அடியைப் பார்ப்பது அபூர்வம். அந்த அடிப்பாகத்தைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பிலேயே “எந்தக் கோட்டிங் நல்லது?” என்றுதான் கேட்கிறார்கள். கோட்டிங் கடைசி வேலை. டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கழுவுவதும் காயவைப்பதும்தான் முக்கால்வாசி வேலை. அதைச் சரியாகச் செய்யாமல் மேலே எதைப் பூசினாலும், பூசாமல் இருந்ததைவிட மோசமாகத்தான் முடியும்.

மழையில் ஓட்டும்போதே அடிப்பாகம் கழுவப்பட்டுவிடுமே, தனியாக வேறு கழுவ வேண்டுமா?

வேண்டும். மழையில் டயர் வாரி இறைப்பது வெறும் தண்ணீர் அல்ல, சேறு கலந்த தண்ணீர். அது போய் அப்புகிற இடங்களில் திரும்ப நல்ல தண்ணீர் படுவதே இல்லை. டயருக்கு மேலே மட்கார்டின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்த மண்ணும், அதற்குக் கீழே இன்னும் ஈரமாக இருக்கும் கரிய சேறும் கையோடு வரும். மழை விட்டுப் பல நாள் ஆகியிருந்தாலும் அந்த ஈரம் அப்படியே இருக்கும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் போதும். சேறு அந்தத் தண்ணீரை இரும்போடு ஒட்டியே வைத்துக்கொள்கிறது. கூடவே உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகக் கடக்கும், துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்வேதி மாற்றம்தான். பனியை உருக்கச் சாலையில் தூவும் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். அவை ஒட்டியிருக்கும் இடம் பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உண்மையில் காய்வதில்லை.

எந்த இடங்களை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

தட்டையாகத் தெரியும் தரைத்தகடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். துரு ஆரம்பிப்பது மடிப்புகளிலும் இடுக்குகளிலும்தான். இரண்டு தகடுகள் சேர்ந்து ஸ்பாட் வெல்டிங் ஆன விளிம்புகள், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், ஸ்டெப்னி உட்காரும் குழியின் அடி, பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் உள்பக்கம். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பெயின்ட் நசுங்கி உதிர்வதால் அங்கே கட்டாயம் பாருங்கள்.

கதவுகளின் அடியிலும், கதவுக்குக் கீழான பெட்டிப் பகுதியிலும் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். இவை அடைபட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை ஓட்டைக்குள் விட்டு மெதுவாக ஆட்டினால் அடைப்பு வந்துவிடும். இரும்புக் கம்பியை விட்டால் உள்ளே பெயின்ட் கீறும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவலாம்?

சாதாரணத் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் கார் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை நன்றாகக் கழுவினால் போதும். கடற்கரை மணலில் ஓட்டியது, சேற்றில் இறக்கியது, உப்புத் தூவிய சாலையில் போனது, இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் தண்ணீர் அடித்துவிட வேண்டும்.

உப்பு ஒட்டிய காரைக் கழுவாமல் கதகதப்பான ஷெட்டில் கொண்டுபோய்ப் பூட்டுவதும் நல்லதல்ல. உறைகுளிரில் வெளியே நிற்கும் காரைவிட அது சீக்கிரம் துருப்பிடிக்கும், வெப்பம் கூடினால் வேதிமாற்றமும் வேகமெடுக்கும்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்துக் கழுவலாமா?

கூடாது. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது, ஒரு நிமிஷ வேலையாக இருந்தாலும் சரி. ஜாக்கி தூக்குவதற்கான சாதனம். தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேலை இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் உள்ளே ஒரு ரப்பர் சீல் விட்டுக்கொடுத்தால் கார் இறங்கிவிடும். காரோடு வரும் ஸ்குரூ ஜாக்கி லேசாகச் சாய்ந்தாலே நழுவும்.

அடியில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்டோ, சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் ரேம்ப்போ வேண்டும். தரை சிமென்ட் தரையாக, சமமாக இருக்க வேண்டும். மண்ணிலும் புல்லிலும் ஸ்டாண்ட் புதையும், வெயிலில் இளகிய தாரிலும் புதையும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பது காரோடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கும். ஊகித்து வைத்தால் தகடு நசுங்கும், இல்லாவிட்டால் வழுக்கும். வைத்து முடித்ததும் வெளியே நின்றபடி காரை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. விரிசல் விடுவது தெரியாது, சட்டென்று பொடிந்துவிடும்.

இன்னொன்று: வெறும் கழுவலுக்குப் பெரும்பாலும் அடியில் போகவே தேவையில்லை. ஈரத் தரையில் தூக்கி நிறுத்திய காருக்குக் கீழே தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாத வேலை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன்சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் இடம் திறந்துகொள்ளும். மறுபக்கம் திருப்பினால் மற்றது.

பிரஷர் வாஷர் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். தோட்டத்துக்குப் புல் நனைக்க வைக்கும் ஸ்பிரிங்க்ளரை காருக்கு அடியில் தள்ளி, தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாற்றினால், ஊறிய சேறு தானாகக் கட்டிகட்டியாக விழும். ஊறவைப்பதுதான் இங்கே சூட்சுமம். காய்ந்த சேற்றின்மேல் நேராக வேகமாக அடித்தால் மேல்பொருக்கு மட்டும் போகும், மடிப்புக்குள் இருப்பது அப்படியே இருக்கும். ஊறிய பிறகு நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் மட்கார்டின் உள்பக்கத்தைத் தேய்த்து, திரும்ப ஒரு முறை தண்ணீர் விட்டால் சரி.

பிரஷர் வாஷர் இருந்தால், அகல விசிறியாக விழும் நாசிலைப் போட்டு, குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். ஊசிபோல் விழும் நாசில் பெயின்ட்டையே உரித்துவிடும். ஆக்ஸிலின் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட், வீல் பேரிங் சீல், வயர்கள் சேரும் கனெக்டர், ஏபிஎஸ் சென்சார், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், இவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். அங்கே தண்ணீர் புகுந்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து பேரிங் சத்தம் போடும்போதுதான் தெரியும்.

ஓட்டிவிட்டு வந்ததும் உடனே கழுவாதீர்கள். பிரேக் டிஸ்க் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணலாக வாய்ப்புண்டு. சைலன்சர் வரிசையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் வேலை செய்வது. ஆற ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

எந்த சோப்பு போடலாம்? டீசல் அடித்துத் துடைப்பது நல்லது என்கிறார்களே?

வெறும் சேற்றுக்குத் தண்ணீரே போதும். பிசுக்குக்கு கார் ஷாம்பு. இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெய் படிந்த இடத்துக்கு மட்டும் தண்ணீரில் கரையும் டிகிரீசர். எண்ணெய் படிந்திருந்தால் கழுவுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கழுவிய சில நாளில் திரும்பப் பார்த்து, எங்கிருந்து புதிதாகக் கசிகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

டீசலும் மண்ணெண்ணெயும் அழுக்கைக் கரைக்கும் என்பது உண்மைதான். அதே வேகத்தில் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ், ரப்பர் பூட் எல்லாவற்றையும் ஊதவைத்துக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் பழக்கமும் இதே ரகம். ஓடிய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் சேர்ந்திருக்கும். தோலில் படவே கூடாத ஒன்றை ஸ்பிரே கன்னில் போட்டு மூச்சில் இழுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அது சொட்டிச் சொட்டி மண்ணிலும் சாக்கடையிலும் போய்ச் சேரும் என்பது வேறு.

அடியில் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறது. அப்படியானால் கவலை இல்லையா?

காற்று தடையில்லாமல் போகவும் சத்தம் குறையவும் போடும் மூடி அது. சேறும் இலைச் சருகும் அதன் மேல்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், குழாய்த் தண்ணீர் அங்கே எட்டாது. வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவி மாட்டுவது நல்லது. கிளிப்புகள் பழசானால் உடையும், ஆகவே நாலைந்து புதுக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

லேசாகத் துரு தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

எல்லாத் துருவும் ஒன்றல்ல. சைலன்சர் பைப், போல்ட்டு, வார்ப்பிரும்பில் செய்த சஸ்பென்ஷன் பாகங்கள் இவையெல்லாம் மேலாகப் பழுப்பேறுவது சகஜம், தடிமனான இரும்பு என்பதால் பல வருடம் தாங்கும். பாடித் தகடு மெல்லியது, அங்கேதான் கவனம் வேண்டும்.

ஒரு மழுங்கிய ஸ்குரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கேட்கும். அரித்துப்போன இடத்தில் சத்தம் செத்துப்போய், கூடவே துருச் செதில் உதிரும். சந்தேகமான இடத்தை முனையால் அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் நீங்களே தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். உள்ளே அமுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ கோட்டிங் வேலை அங்கே முடிந்தது, டிங்கரிங்காரரிடம் கொண்டுபோய் வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க வேண்டியதுதான். சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஜாக்கி முனை, இவை சேரும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பட்டி போட்டு மூடிக் கறுப்பு அடித்து மறைப்பது ஆளைக் கொல்லும் வேலை.

பிரேக் பைப்பில் செதில் செதிலாகவோ குழிகுழியாகவோ துரு தெரிந்தால் தேய்க்காதீர்கள், பூசாதீர்கள். பைப்பை மாற்றுங்கள்.

துருவை எப்படி எடுப்பது? ரஸ்ட் கன்வர்ட்டர் அடித்தால் போதுமா?

உதிரும் துரு முழுவதும் போகும் வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். துருவைச் சுற்றி நன்றாக இருக்கும் பெயின்ட்டையும் ஒரு விரல் அகலம் சேர்த்தே தேய்த்துவிடுங்கள். துரு பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்திருக்கும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அண்ணாந்து பார்த்தபடி தேய்க்கும்போது செதில் நேராகக் கண்ணில்தான் விழும்.

இடுக்கில் கொஞ்சம் துரு எப்படியும் மிஞ்சும். ரஸ்ட் கன்வர்ட்டர் அதற்குத்தான். அதில் இருக்கும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மிச்சத் துருவோடு சேர்ந்து கறுத்த, நிலையான படலமாக மாறும். தடித்த செதில்மேல் ஊற்றினால் மேல்பக்கம் மட்டும் கறுத்துவிட்டு உள்ளே வழக்கம்போல் துருப்பிடிக்கும். கன்வர்ட்டர் காய்ந்ததும் முதல் பூச்சாக எபாக்ஸி பிரைமர். பளிச்சென்று தேய்த்த இரும்பு என்றால் ஜிங்க் (துத்தநாக) பிரைமர் இன்னும் நல்லது, ஆனால் அதைக் கன்வர்ட்டரின் மேல் அடித்துப் பயனில்லை. இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும்.

சரி, எந்தக் கோட்டிங்தான் நல்லது?

கடையில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காய்ந்து கெட்டியாகும் வகை, இளகியே இருக்கும் வகை.

கெட்டியாகும் வகை தார் கலந்தது, ரப்பர் கலந்தது என்றெல்லாம் வரும். கல் தெறிப்பதை நன்றாகத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். கோளாறு பிறகுதான் வரும். வயதாக ஆக இறுகி, ஒரு ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் விடும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. பழைய கார்களில் இந்தக் கறுப்புப் படலத்தை விரலால் அழுத்தினால் சில இடத்தில் ‘பொத்’தென்று அமுங்கும். நகத்தால் கிளப்பினால் முழுத்துண்டாக உரிந்து வரும், அதன் உள்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் ஈரத் துரு அப்பியிருக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்வதால் தகட்டிலிருந்து படலத்தைத் தூக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தவருக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இளகிய வகை மெழுகு, எண்ணெய், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின் இவற்றில் செய்தது. பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், டயர் தண்ணீர் அடிக்கும் இடத்தில் வருடத்தில் கரைந்துபோகும். ஆனால் மடிப்புக்குள் தானாக ஊர்ந்து போகும், கீறல் விழுந்தால் சுற்றியிருப்பது மெல்ல வந்து மூடும், அடியில் என்ன நடக்கிறது என்று துடைத்துப் பார்க்கவும் முடியும்.

என்னைக் கேட்டால் வீட்டில் செய்பவர்களுக்கு இளகிய வகைதான். வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது அடியைப் பார்க்க வைக்கிறதே! கெட்டி வகையை மட்கார்டின் உள்பக்கம்போலக் கல் தெறிக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் சுத்தமான, பிரைமர் அடித்த தகட்டின்மேல். பெட்டிப் பகுதிகளுக்கு உள்ளே நீளக் குழாயும் எல்லாப் பக்கமும் தூவும் நாசிலும் உள்ள கேவிட்டி மெழுகு.

புதுக் காருக்குத் தேவையா?

தொழிற்சாலையிலேயே பாடியைத் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்திப் பிரைமர் ஏற்றுகிறார்கள். சுமார் 20 மைக்ரான்தான், ஆனால் மடிப்புக்குள்ளும் போகும். துத்தநாகம் பூசிய தகடும் இப்போது பரவலாகிவிட்டது. 1970-களின் நடுவில் போர்ஷே 911, 1986-இல் ஆடி 80 என்று முழுப் பாடிக்கும் துத்தநாகம் கொடுத்த கார்கள் வந்தன. அதனால் உப்பும் கடலும் பக்கத்தில் இல்லாதவர்கள் புதுக் காருக்கு அவசரப்பட்டு எதையும் அடிக்க வேண்டியதில்லை. உப்பில் ஓடும் என்றால் புதிதாக, சுத்தமாக இருக்கும்போதே மெழுகு அடிப்பது உத்தமம். துருவுக்கு எதிரான வாரன்டியின் விதிகளை முதலில் படியுங்கள். பாடியில் ஓட்டை போட்டு உள்ளே அடிக்கும் முறைக்குச் சம்மதிக்காதீர்கள்.

அடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் காயவிட வேண்டும்?

குறைந்தது ஒரு முழு நாள், ஈரக்காற்று வீசும் பருவத்தில் இரண்டு நாள். தகடு காய்ந்திருக்கும், மடிப்பு காய்ந்திருக்காது. கழுவியதும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். காற்று அடிக்கும் புளோயர் இருந்தால் மடிப்புகளில் ஊதுங்கள். பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரை மடிப்புக்குள் செருகி எடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு டப்பாவைத் திறக்க வேண்டாம்.

எங்கெல்லாம் அடிக்கக் கூடாது?

பிரேக் டிஸ்க், காலிப்பர், டிரம் பக்கம் ஒரு துளிகூடப் படக் கூடாது. பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிட்டே ஆரம்பியுங்கள். சைலன்சர் வரிசை முழுவதும், அதன் மேலிருக்கும் வெப்பத்தடுப்புத் தகடு, ஆக்சிஜன் சென்சார், வீல் சென்சார், ரப்பர் பூட், புஷ், சுழலும் ஷாஃப்ட், ஆயில் வடிக்கும் போல்ட், பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாய், சேஸிஸ் நம்பர் பொறித்த இடம், இவையும் வேண்டாம். முன்பு சொன்ன வடிகால் ஓட்டைகளை அடித்த கையோடு திரும்பக் குத்தித் திறந்துவிடுங்கள். கோட்டிங் அடித்துத் துருவை வரவழைத்துக்கொள்பவர்களில் பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

மெல்லிய இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே டப்பாவில் எழுதியிருக்கும் இடைவெளி. தடியாக ஒரே பூச்சு அடித்தால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே நிற்கும். இவற்றில் பலவற்றின் ஆவி தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். மூடிய ஷெட்டில் அடிக்காதீர்கள், பக்கத்தில் பீடி சிகரெட், ஹீட்டர் எதுவும் கூடாது. பின்னால் எப்போதாவது வெல்டிங் வைக்க நேர்ந்தால், உள்ளே மெழுகு இருக்கிறது என்று வெல்டிங் வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மின்சாரக் காருக்கு?

கழுவுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அடியில் இருப்பது பேட்டரிப் பெட்டி. அதன்மேலும், அதன் காற்றுப்போக்கி வால்வின்மேலும், ஆரஞ்சு நிற வயர்களின்மேலும் எதையும் பூசாதீர்கள், பிரஷர் வாஷரையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஜாக்கி, ஸ்டாண்ட் இரண்டையும் பேட்டரிப் பெட்டியில் கொடுக்கவே கூடாது.

பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே?

கப்பலிலும் மண்ணில் புதைத்த குழாயிலும் மின்சாரத்தால் துருவைத் தடுப்பது உண்மையான தொழில்நுட்பம். அங்கே இரும்பு முழுவதும் கடல்நீரிலோ ஈர மண்ணிலோ இருக்கிறது, மின்னோட்டம் சுற்றிவர வழி இருக்கிறது. கார் நிற்பது காற்றில். அந்தக் காசுக்கு இரண்டு டப்பா மெழுகு வாங்கலாம்.

கோட்டிங் அடித்தபின் ஓட்டினால் புகையும் கருகல் நாற்றமும் வருகிறது. ஆபத்தா?

சைலன்சரில் தெறித்த துளிகள் எரிவதுதான் வழக்கமான காரணம், சில ஓட்டத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, நிறைய ஊற்றியிருந்தாலோ, சைலன்சர் ஆறியபின் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாக ஆவியாக விட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போது வழுக்கலாகவோ இழுப்பாகவோ தெரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள், பிரேக் பேடில் கோட்டிங் பட்டிருக்கும்.

கழுவிய மறுநாள் பிரேக் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்திருக்கிறதே?

வெறும் இரும்பு டிஸ்க், ஒரு ராத்திரியில் அப்படித்தான் ஆகும். நாலைந்து முறை மெதுவாக பிரேக் பிடித்தால் போய்விடும்.